ஊசியக்காவின் கோரைப்பல்

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அம்மா வாஷ்பேசின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தார். மகள் டார்ச்சைப் பிடித்தாள். இருபத்திரண்டு நாளாக அந்த வீட்டில் விடிந்ததும் இதுதான் முதல் வேலை. டீ கூட இதற்கு அப்புறம்தான்.

கீழ் வரிசையில் வலது ஓரக் கடைவாய்ப்பல்லின் மேல் ஒரு கிரௌன் இருந்தது. டாக்டர்கள் கிரௌன் என்பார்கள். ஊரார் கேப் என்பார்கள். தையல்காரியான அம்மாவுக்கு அது தொப்பி. ஃப்ளாஸ் நூலை ஒரு முழம் இழுத்து அறுத்து, இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, தொப்பிக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே மெல்ல இறக்கினார். ஈறு வரை கொண்டுபோய், பல்லை அணைத்தாற்போல் மேலும் கீழும் ஐந்து தரம் தேய்த்தார். பிறகு நூலை மேலே தூக்கவில்லை. ஒரு முனையை விட்டுவிட்டு, கன்னத்துப் பக்கமாக உருவி எடுத்தார். மேலே வெடுக்கென்று இழுத்தால் தொப்பியும் கூடவே கிளம்பிவிடும். அந்த வீட்டில் இது பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

"காட்டு" என்றாள் மகள்.

அம்மா நூலை டார்ச் வெளிச்சத்தில் நீட்டினார். வெள்ளையாக இருந்தது. ரத்தம் இல்லை.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, பாஸா ஃபெயிலா?"

"பாஸ்."

"அப்ப டீயப் போடு. வாயப் பிளந்து பிளந்து தாடை கழண்டுபோச்சு."

அடுத்த புதன்கிழமை அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து இதய வால்வை மாற்றுவதாக இருந்தது. வாயில் எந்தத் தொற்றும் இல்லை என்று பல் டாக்டர் கையெழுத்திட்ட கடிதம் வந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். ஒருமுறை தேதி தள்ளிப்போயிருந்தது, ஒரு பல்லால். இன்னொரு முறை தள்ளிப்போனால் வால்வு காத்திருக்காது. அதனால் தினமும் காலையில் நூலில் சிவப்பு தெரிகிறதா என்று மகள் டார்ச்சை ஒட்டிப் பிடித்து இரண்டு தரம் பார்ப்பாள்.

அன்று டீயைக் குடித்துவிட்டு ஏழே காலுக்கு மகள் வேலைக்குக் கிளம்பினாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்த நூலைப் பார்த்ததுதான்.

தெருவில் அம்மாவை ஊசியக்கா என்பார்கள். வீடு மாடியில், கடை கீழே. நடுவில் பதினெட்டுப் படிகள். கடை என்றால் பத்தடிக்கு எட்டடி அறை ஒன்று: ஒரு மெஷின், இஸ்திரி போட ஒரு பலகை, துணி மாற்றிப் போட்டுப் பார்க்க மூலையில் ஒரு திரை, சுவர் முழுக்க ஆணியில் மாட்டிய நூல்கண்டுகள். புதிதாக எதுவும் தைக்க மாட்டார். ஆல்டரேஷன் மட்டும்தான். "புதுசாத் தைக்கிறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. அவங்க தைச்சதச் சரி பண்ண ஒருத்தி வேணும்ல" என்பார். மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா காய்ச்சலில் போனார். அடுத்த மாதம் மெஷின் வந்தது. அறுபத்து மூன்று வயது வரை அம்மா அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

வாயின் இடது ஓரத்தில் எந்நேரமும் ஆறு குண்டூசி இருக்கும். அதை வைத்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார், சண்டை போடுவார். வாடிக்கையாளர்களுக்கு அவருடைய "ம்ம்" மூன்று விதமாகப் புரியும். ஒன்று சரி. ஒன்று முடியாது. ஒன்று நேராக நில். அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே கண்ணால் அளந்துவிடுவார். இடுப்பு முப்பத்தாறு என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு வங்கி மேலாளரிடம், "முப்பத்தெட்டர. துணிகிட்டப் பொய் சொல்லலாம், தையல்காரிகிட்டச் சொல்லக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பதினைந்து வருடம் வேறு கடைக்குப் போகவில்லை.

கத்திரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். ஆனாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பார். மேல் வரிசையில் இடது கோரைப்பல். கத்திரியை எடுத்து, விரலை நுழைத்து, நறுக்குவதற்குள் பல் வேலையை முடித்துவிடும். முப்பது வருடம் கடித்ததில் அந்தப் பல்லின் நுனியில் அரம் போட்டதுபோல் ஒரு பள்ளம் விழுந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஜீன்ஸ் துணியின் தடித்த நூலைக் கடித்தபோது பல் பாதியில் முறிந்தது. ஈறை மரத்துப்போகச் செய்து, வேரிலிருந்த நரம்பை எடுத்து, மேலே கிரௌன் போட்டார்கள். அப்போதிருந்த வயதான டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். நூலைக் கடிக்காதீர்கள். ஊசியை வாயில் வைக்காதீர்கள். தினமும் ஃப்ளாஸ் போடுங்கள்.

முதல் விஷயத்துக்கு அம்மா கடிப்பதை வலது பக்கத்துக்கு மாற்றினார். இரண்டாவது காதிலேயே விழவில்லை. மூன்றாவதை மட்டும் சிரத்தையாகப் பிடித்துக்கொண்டார். அதில்தான் வினை வந்தது.

மருந்துக்கடையில் வாங்கி வந்த ஃப்ளாஸ் டப்பாவைத் திறந்து பார்த்தார். முகர்ந்தார். விரலால் உருட்டினார். "நூல். மெழுகு தடவுன நூல். இத என்கிட்டயே விக்கிறான் பாரு" என்றார். சுவரில் முந்நூறு கண்டு தொங்கும்போது நூலை விலைக்கு வாங்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. பாலியெஸ்டர் தையல் நூலை இரண்டு முழம் எடுத்து, பட்டன் தைக்க வைத்திருந்த மெழுகுக் கட்டியில் இழுத்து, அதையே பல்லிடுக்கில் விட்டார். மெஷினில் அன்றைக்கு என்ன நிறம் மாட்டியிருக்கிறதோ அதே நிறம். ஒருநாள் பேசினில் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்து மகள் பதறிப்போய் ஓடிவந்தாள். "பள்ளிக்கூடத்து விளையாட்டு டிரஸ்ஸுடி, அதுக்குச் சிவப்புதான் மாட்டணும்" என்றார் அம்மா.

தையல் நூல் மெல்லியது, முரட்டுத்தனமானது. ஃப்ளாஸைப் போலத் தட்டையாகப் படியாது. கிரௌன் விளிம்புக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, நூல் என்றாலே அம்மாவின் கை ஒரே மாதிரிதான் இழுக்கும். தைத்து முடித்ததும் அறுப்பதுபோல், நேராக, வெடுக்கென்று. ஒன்பது வருடம் தினமும் இப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா மாடிக்கு வந்து உள்ளங்கையை விரித்தார்.

"தொப்பி கழண்டுருச்சு."

மகள் பார்த்தாள். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வெளியே பல் நிறம், உள்ளே சாம்பல். "வலிக்குதா?"

"நரம்பே இல்லாத பல்லு எங்க வலிக்கும்? காத்து போகுது, அவ்வளவுதான். 'ச' சொன்னா விசில் அடிக்குது."

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போ."

"நாளைக்கு எப்படிப் போறது? ஹோட்டல்காரங்க கர்ட்டன் நாப்பத்திரண்டு கிடக்கு, புதன்கிழமைக்குள்ள குடுக்கணும். முடிச்சிட்டுப் போறேன்."

"பொக்கைப் பல்லோட கடையில உக்காருவியா?"

"அதான் உன்கிட்டக் கொண்டாந்தேன். ஒட்டுறது தான உன் வேலை?"

மகளின் வேலை அதுதான். தண்ணீர்ப் பம்புகளில் கசிவை அடைக்கும் சீல் வளையங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பொறியாளர். ரப்பரையும் உலோகத்தையும் சேர்க்கும் ஒட்டு எங்கே விட்டுப்போனாலும் அந்தத் துண்டு அவள் மேசைக்கு வரும். ஏன் விட்டது என்று எழுத வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அவள் எழுதிய காரணங்களில் பாதி ஒன்றேதான்: ஒட்டிய பரப்பு சுத்தமாக இல்லை.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தாள். கிரௌனுக்குள் ஒட்டியிருந்த பழைய சிமெண்டைச் சுரண்டினாள். மெல்லிய உப்புத்தாளால் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி ஸ்பிரிட்டால் துடைத்தாள். அம்மாவை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, மிச்சமிருந்த பல் கட்டையைப் பஞ்சால் ஒற்றினாள். கட்டையின் பின்னால் ஒரு ஓரம் கறுத்திருந்தது. பஞ்சு பட்டதும் அந்த இடம் ஈரத் தக்கைபோல் லேசாக அமுங்கியது. ஒரு வாடை வந்தது. டீக் கறை, வாய் வாடை என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க விரும்பினாளா என்று பிற்பாடு அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்றை வைத்து உலர்த்தினாள். வேலையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த ஒட்டுப் பசையில் ஒரு துளி. தொண்ணூறு நொடி அழுத்தினாள்.

"கடிச்சுப் பாரு."

அம்மா கடித்தார். "மத்த பல்லு சேருறதுக்கு முன்னாடி இது முட்டுது."

உப்புத்தாளை மடித்து நுனியைத் தேய்த்துவிட்டாள்.

"இப்ப?"

"இப்ப ராஜாவாட்டம் உக்காந்துருச்சு." அம்மா கண்ணாடியில் ஈயென்று பல்லைக் காட்டினார். சாயங்காலத்துக்குள் எதிர் வரிசையில் கடை வைத்திருக்கும் பூட்டுக்காரர் வரை செய்தி போய்விட்டது. "என் பொண்ணு பல்லு டாக்டராயிட்டா. வேணும்னா வாங்க, ஒட்டிக் குடுப்பா."

கர்ட்டன் புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்புறம் டாக்டரிடம் போகும் பேச்சே எழவில்லை. வலித்தால்தானே நினைப்பு வரும். வாயில் என்னமோ கசப்பாக இருக்கிறது என்று அம்மா இரண்டு தரம் சொன்னார். கிராம்பை அடக்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதினோராவது படியில் அம்மா மயங்கி உட்கார்ந்தார்.

மாமா வேன் ஓட்டுகிறவர். அம்மாவுக்கு இரண்டு வயது இளைய தம்பி. பத்து நிமிடத்தில் வந்து அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். இதய டாக்டர் ஸ்கேனைத் திருப்பிக் காட்டிச் சுருக்கமாகச் சொன்னார். "வால்வு இறுகிப்போச்சு. முழுசாத் திறக்க மாட்டேங்குது. மாத்தியாகணும், ரொம்ப நாள் தள்ள முடியாது." பத்து நாளில் தேதி கொடுத்தார். "அதுக்குள்ள பல் டாக்டர்கிட்டக் காட்டி ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

"நெஞ்சப் பாக்கச் சொன்னா இவங்க வாயத் தேடுறாங்க" என்றார் அம்மா.

"கெட்டுப்போன பல்லு ஒண்ணு இருந்தா போதும்மா. அதுல இருக்கிற கிருமி ரத்தத்துல ஏறிப் புது வால்வுல போய் உக்காந்துக்கும். அப்புறம் பண்ணின ஆபரேஷனே வீண்."

மகளுக்கு ஈரத் தக்கைபோல் அமுங்கிய அந்த ஓரம் ஞாபகத்துக்கு வந்தது. வேனில் ஏறியதும் அம்மா அவள் தொடையைக் கிள்ளினார். "ஒட்டினத டாக்டர்கிட்டச் சொல்லாத. உன்னத் திட்டுவாங்க."

பல் கிளினிக் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பழைய டாக்டர் ஓய்வுபெற்று, இப்போது அவர் இடத்தில் முப்பது வயது டாக்டரம்மா. அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கொக்கிபோன்ற கருவியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தார். கோரைப்பல்லில் நின்றார்.

"இந்த கேப் எப்பவாவது கழண்டுச்சா?"

"இல்லையே. ஒம்போது வருஷமா அப்படியேதான் இருக்கு" என்றார் அம்மா, கூரையைப் பார்த்தபடி. பேச்சை மாற்றவும் செய்தார். "டாக்டரம்மா, உங்க கோட்டு வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு. கையத் தூக்கும்போது இழுக்குமே?"

"இழுக்குது" என்றார் டாக்டர். கொக்கி கிரௌன் ஓரத்திலேயே இருந்தது. "ஆனா இது எங்க சிமெண்ட் இல்லையே."

அம்மா மகளின் பக்கம் கண்ணை உருட்டினார்.

"நான்தான் ஒட்டினேன்" என்றாள் மகள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். என்ன பசை, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மகள் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் வேரின் நுனியில் பட்டாணி அளவில் ஒரு கறுப்பு.

டாக்டர் கிரௌனைக் கழற்றப் பார்த்தார். ஆட்டினார், தட்டினார், இடுக்கியால் பிடித்தார். அசையவில்லை.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க. அதான் பிரச்சினையே. வெட்டித்தான் எடுக்கணும்."

ஊசி போட்டு மரத்துப்போக பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். அம்மா கையை நீட்டினார். "அந்தக் கோட்டக் குடுங்க." பைக்குள்ளிருந்து ஊசி நூலை எடுத்து, சாய்ந்து படுத்த வாக்கிலேயே தோள் தையலைப் பிரித்து ஏற்றித் தைத்தார். முடிச்சுப் போட்டதும் நூலைப் பல்லுக்குக் கொண்டுபோனார். டாக்டர், உதவிப் பெண், மகள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவர் கையைப் பிடித்தார்கள். "என்ன, கொலையா பண்ணப் போனேன்" என்றார் அம்மா, மரத்த உதட்டால்.

கிரௌனை வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மகள் சுவரோரம் நின்று, அம்மாவின் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் மிதிப்பதுபோல் அது அசைந்துகொண்டிருந்தது. கிரௌன் இரண்டாகப் பிளந்து வந்தபோது அந்த வாடை அறை முழுக்கப் பரவியது. உள்ளே பல் இல்லை, பழுப்புக் கூழ்தான். அதற்கு அடியில் சீழ்.

பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு அம்மா வெளியே உட்கார்ந்திருந்தபோது மகள் டாக்டரிடம் தனியாகக் கேட்டாள்.

"விழுந்த அன்னைக்கே வந்திருந்தா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "கேப் விழுந்தா அத ஒரு டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல வந்துடணும். உள்ள பல்லு நல்லா இருந்தா சுத்தம் பண்ணி ஒட்ட எங்களுக்குப் பத்து நிமிஷம். உங்கம்மாவுக்கு உள்ள சொத்தை அப்பவே இருந்திருக்கும். சிமெண்ட் கரைஞ்சு, ஓரத்துல இடைவெளி விழுந்து, ரொம்ப நாளா எச்சில் போயிருக்கு. நீங்க கெடுக்கல."

"நான் மூடினேன்."

"ஆமா. மூடிட்டீங்க. பாத்திருந்தா அப்பவே எடுத்திருப்போம்."

பொய் சொல்லித் தேற்றாததற்காக மகளுக்கு அந்த டாக்டரைப் பிடித்திருந்தது. அன்று மட்டும் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றியது.

சீழ் ஆற வேண்டும், மாத்திரை முடிய வேண்டும், ஈறு மூட வேண்டும். ஆஸ்பத்திரியில் அடுத்த காலி இடம் நான்கு வாரம் கழித்துத்தான் என்றார்கள். வேனைத் திருப்பும்போது மாமா சொன்னார்: "அக்கா, உனக்கு எமன் வெளியில இல்ல, உன் வாயிலதான் இருக்கான்."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு. உனக்கு எமன் அங்க இருக்கான்."

அந்த நாளெல்லாம் மகள் காதால்தான் வாழ்ந்தாள். அம்மா படியேறும் சத்தத்தை எண்ணுவாள். ஒன்பதாவது படியில் ஒரு நிற்றல், பதினான்கில் ஒன்று. நிற்றல் பத்து நொடியைத் தாண்டினால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவாள். "நான் என்ன பம்பா? ஓடுதா நிக்குதான்னு காது வச்சுக் கேக்குற" என்பார் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. வேலையிடத்திலிருந்து பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஃபோன் செய்வாள். எடுத்ததும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். கேட்க நினைத்தது அதுவல்ல.

வாயில் பாக்கியிருந்த இன்னொரு தொப்பி, பழைய டாக்டரே கடைவாய்ப்பல்லில் போட்டது, அதுதான் இப்போது அவளுடைய கவலை எல்லாம். அதையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று மகள் கேட்டு வந்திருந்தாள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா? கடிக்கும்போது வலியா? நாக்கால் தள்ளினால் ஆடுகிறதா? ஒரே இடத்தில் சாப்பாடு மாட்டுகிறதா? கெட்ட ருசி வருகிறதா? காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கேட்டாள். மிட்டாய் வகை எதையும் வீட்டில் வைக்கவில்லை. தையல் நூல் பல் பக்கம் போகக் கூடாது என்று பேசினுக்கு மேல் உண்மையான ஃப்ளாஸ் டப்பாவை ஆணியில் தொங்கவிட்டாள். அம்மா அதை நூல்கண்டு வரிசையில் சேர்த்துக்கொண்டார். "முந்நூத்தி ஒண்ணு" என்றார்.

பல் பிடுங்கிய ஒன்பதாம் நாள் மூன்று மணிக்கு அம்மா ஃபோனை எடுக்கவில்லை. மகள் ஐந்து தரம் அடித்தாள். சோதனையில் இருந்த இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, கடைவாசலில் குதித்தாள். அம்மா திரைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு கல்லூரி ஆசிரியரின் பேண்ட் விளிம்பில் குத்திக்கொண்டிருந்தார். வாயில் ஆறு ஊசி. இடது பக்கம், பல் பிடுங்கிய குழிக்கு ஒரு அங்குலம் தள்ளி.

"துப்பு" என்றாள் மகள்.

"ம்ம்" என்றார் அம்மா. இரண்டாவது வகை.

"துப்பும்மா. புண் ஆறல. ஊசி பட்டு ரத்தம் வந்தா மறுபடியும் தேதி போயிடும். உனக்குப் புரியுதா, இல்லையா?"

ஆசிரியர் ஒற்றைக்காலில் நின்றவர் நின்றபடியே இருந்தார். அம்மா ஒவ்வொரு ஊசியாக எடுத்து அவருடைய பேண்டில் வரிசையாகக் குத்தினார். பிறகு தரையில் கையை ஊன்றி எழுந்தார். எழ நேரமாயிற்று.

"உனக்குத்தான் ஆபரேஷன் மாதிரி பயப்படுற" என்றார்.

"நான்தான ஒட்டினேன்."

அதுவரை இருவரும் அதைப் பேசியதில்லை. அம்மா ஆசிரியரை உடை மாற்றிவரத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நீ ஒட்டுன தொப்பியோடதான் நாப்பத்திரண்டு கர்ட்டன் முடிச்சேன். அத எடுக்கப் படிச்ச பொண்ணுக்கு முக்கா மணி நேரம் ஆச்சு. பூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், மனுஷன் அசந்துட்டாரு."

"பெருமையா இது?"

"எனக்குப் பெருமைதான்." திரைப்பக்கம் திரும்பினார். "சார், ஊசி இருக்கு, பாத்துக் கழட்டுங்க. குத்தினா நான் பொறுப்பில்ல."

அன்றிலிருந்து ஊசிகளை மணிக்கட்டில் கட்டிய ஒரு பஞ்சுத் திண்டில் குத்திவைத்துக்கொண்டார். முப்பத்து சொச்சம் வருடத்தில் முதல்முறையாகத் தெளிவாகப் பேசினார். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர், "அக்கா, உங்க குரல் இதுவா" என்று கேட்டார்கள்.

இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை, டாக்டர் மறுபடி பார்த்தார். குழி மூடியிருந்தது. எக்ஸ்ரேயும் சுத்தம். கடைவாய்த் தொப்பியின் ஓரத்தைக் கொக்கியால் சுற்றிவந்து, ஈறில் ஒரு பொட்டு ரத்தமும் வராததைப் பார்த்து, "யாரு இவ்வளவு ஒழுங்காப் பாத்துக்கிறது?" என்று கேட்டார். அம்மா மகளைத் தாடையால் காட்டினார். "இன்ஸ்பெக்டர்." டாக்டர் போட்டிருந்த கோட்டின் தோள் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மா அதைத்தான் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் கிளினிக்கிலிருந்து ஃபோன் வந்தது. கடிதம் தயார்.

"நாளைக்கு நான் போய் வாங்கிட்டு வர்றேன்" என்றாள் மகள். "அரை நாள் லீவு சொல்றேன்."

"எதுக்கு? ரெண்டு தெரு. மத்தியானத்துக்கு மேல நானே மெதுவாப் போய் வாங்கியாறேன். அடுத்த வாரம் எனக்காக எத்தன நாள் லீவு போடணுமோ, இப்பவே தீத்துடாத."

"மாமாவக் கூட்டிக்கிட்டுப் போ."

"ரெண்டு தெருவுக்கு வேனா? அவன் நிறுத்த இடம் தேடுறதுக்குள்ள நான் வாங்கிட்டு வந்துருவேன்."

கேட்டுக்கொண்டே இருந்தால் அம்மாவுக்குப் படபடப்பு வரும் என்று மகள் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோனை எடுத்தார். மெஷின் சத்தம் பின்னால் கேட்டது. "கூசுதா?" "கூசல." "ஆடுதா?" "நான்தான் ஆடுறேன், வை." மூன்று மணிக்கு எடுக்கவில்லை. மறுபடியும் ஊசியை வாயில் வைத்திருப்பார் என்று மகள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பத்து நிமிடம் பொறுத்தாள். அதற்குள் பூட்டுக்காரர் அவளுக்கு ஃபோன் செய்தார்.

அம்மா படிக்கட்டில் கீழே கடைசிப் படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெளியே போகும் உடை. காலில் வெளிச்செருப்பு. மடியில் பை, அதற்குள் ஆஸ்பத்திரி ஃபைல். கடைக் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருந்தார். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவர் எழவே இல்லை.

முதலில் குறித்த தேதியிலேயே ஆபரேஷன் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதய டாக்டரிடம் மகள் கேட்டாள். "வால்வு இவ்வளவு இறுகினா இதயம் எப்ப வேணா நின்னிருக்கும். ஆபரேஷன்லயும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது" என்றார் அவர். மகளின் தொழிலில் அப்படி ஒரு விடை கிடையாது. காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆபரேஷனுக்குக் குறித்திருந்த புதன்கிழமைக்கு முதல் நாள் கிளினிக்கிலிருந்து உதவிப் பெண் பேசினாள்.

"அக்கா, அம்மா லெட்டர் வாங்க வரவே இல்லையே. நாளைக்கு ஆஸ்பத்திரியில குடுக்கணும்னு சொன்னீங்களே, அதான் ஞாபகப்படுத்தலாம்னு."

அம்மாவின் கடையில் நின்றுகொண்டுதான் மகள் அதைக் கேட்டாள். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "பரிசோதிச்சுப் பாத்தாச்சு. வாயில தொற்று எதுவும் இல்ல. அறுவை சிகிச்சைக்குத் தடையில்லன்னு போட்டுக் கையெழுத்து போட்டிருக்காங்க. டாக்டர் சீல் கூட வச்சாச்சு. எப்ப வர்றீங்க?"

"எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க?"

"ஆறு மணி வரைக்கும் இருப்போம்க்கா."

மகள் சரி என்றாள். மணி நாலரை. கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான். அவள் போகவில்லை. கடிதம் இன்னும் அங்கே மேசை இழுப்பறையில் இருக்கிறது.